கம்பியைக் கீழே வைத்தவனுக்கு ஒரு வரி: தமிழ்நாடு அரசின் சட்டத்துறைக்குத் திறந்த மடல்

பெறுநர்:
மாண்புமிகு சட்டத்துறை அமைச்சர் அவர்கள்,
சட்டத்துறைச் செயலாளர் அவர்கள்,
தலைமைச் செயலகம், புனித ஜார்ஜ் கோட்டை, சென்னை 600 009.

வணக்கம்.

நான் வழக்கறிஞர் இல்லை. தம்புச் செட்டித் தெருவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் 31 ஆண்டுகளாகக் குமாஸ்தா. ஜார்ஜ் டவுன், எழும்பூர், சைதாப்பேட்டை, அல்லிக்குளம் என்று இந்த ஊரில் குற்றவியல் நீதிமன்றம் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் கேஸ் கட்டைச் சுமந்துகொண்டு ஏறி இறங்கியவன். சட்டம் படித்ததில்லை. கட்டு கட்டும்போது கண்ணில் பட்டதையும், சீனியர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்ததையும் வைத்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். கேட்க வந்ததை மட்டும் தள்ளிவிடாதீர்கள்.

கேட்பது ஒரே ஒரு வரி. குற்றம் செய்யத் தொடங்கி, யாரும் தடுக்காமல் தானே கைவிட்டவனுக்காக, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 62-ஆம் பிரிவுக்குக் கீழே.

முன்பு அதற்கு 511 என்று எண். இந்திய தண்டனைச் சட்டத்தின் கடைசிப் பிரிவு. புத்தகத்தைப் பின்பக்கமாகத் திறந்தாலே கைக்கு வந்துவிடும். 2024 ஜூலை 1-ஆம் தேதி புதிய சட்டம் வந்தபோது அதை முன்பக்கம் கொண்டுபோய் 62 ஆக்கிவிட்டார்கள். எங்களைப் போன்ற பழைய ஆட்களுக்கு இன்னும் வாயில் 511 தான் வருகிறது. எண்ணும் இடமும் மாறினாலும் உள்ளே இருப்பது கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கிறது. குற்றம் செய்ய முயன்று, அந்த முயற்சியில் ஏதாவது ஒரு செயலைச் செய்தவனுக்கு, அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சச் சிறையில் பாதி வரை கொடுக்கலாம். கூடவே இரண்டு எடுத்துக்காட்டுகள். ஒருவன் நகை திருடப் பெட்டியை உடைக்கிறான், உள்ளே நகை இல்லை. இன்னொருவன் ஒருவர் பையில் கை விடுகிறான், பை காலி. இரண்டு பேரும் குற்றவாளிகள். பெட்டி காலியாக இருந்தது அவன் புண்ணியம் இல்லையே, அதனால் சரிதான்.

பெட்டி நிறைய நகை இருந்து, அதைப் பார்த்துவிட்டு, மூடிவைத்துவிட்டுப் போனவன் என்ன ஆவான்? அவனைப் பற்றிப் பழைய சட்டம் எழுதிய 1860-லும் யாரும் எழுதவில்லை, புதிய சட்டம் நிறைவேறிய 2023-லும் எழுதவில்லை.

எனக்கு இந்தக் கேள்வி வந்தது 2022-இல். எங்கள் அலுவலகத்துக்கு ஒரு அம்மா வந்தார். மகனுக்கு 22 வயது, தண்ணீர் கேன் போடுகிற வேலை. ஒரு வீட்டுக்கு வாரம் இரண்டு கேன் போடுவான். அந்த வீட்டில் எல்லோரும் ஊருக்குப் போகிறார்கள் என்று காதில் விழுந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை கேன் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ராத்திரி காம்பவுண்டு சுவர் ஏறிக் குதித்து, பின்பக்கக் கதவின் கொண்டிக்குள் கம்பியை நுழைத்துவிட்டான். ஒரு திருகாணி கழன்றும் விட்டது. அதற்குமேல் அவன் திருகவில்லை. கம்பியைத் துவைக்கிற கல்லின்மேல் வைத்துவிட்டு, வந்த வழியே சுவர் ஏறி வெளியே போய்விட்டான்.

ஏன் என்று நானே அவனிடம் கேட்டேன். ஜாமீனில் வந்த பிறகு, அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான்.

"தெரியலண்ணா. கதவாண்ட ஸ்கூல் ஷூ இருந்துச்சு. சின்னது. உள்ள சாக்ஸ உருட்டி வெச்சிருந்தாங்க. அதப் பாத்துக்கினே இருந்தேன். அப்புறம் போய்ட்டேன்."

அதற்குமேல் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை, நானும் துருவவில்லை.

இரண்டு தெரு தள்ளி ரோந்துக்காரர்கள் நிறுத்தினார்கள். இந்த நேரத்தில் எங்கேடா போய் வருகிறாய் என்று கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அப்போது பழைய சட்டம்தான் நடப்பில் இருந்தது. 457 உடன் 511. அதாவது ராத்திரியில் வீட்டை உடைத்து நுழைய முயற்சி, நோக்கம் திருட்டு. முழுக் குற்றத்துக்கு 14 ஆண்டு வரை, முயற்சிக்கு அதில் பாதி, ஏழு ஆண்டு வரை. ஜாமீன் கிடைக்கும்வரை புழலில் 41 நாள்.

அந்தக் கட்டை நான்தான் தைத்தேன். அதில் என்ன இருந்தது, என்ன இல்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

போலீசாரிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது. நல்ல விதி, அதைத் தொட வேண்டியதில்லை. ஆனால் அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளைக் காட்டிக்கொடுக்கிற பகுதி மட்டும் சாட்சியமாகும். பழைய சாட்சியச் சட்டத்தில் 27, இப்போது புதிய சாட்சியச் சட்டத்தில் 23-ஆம் பிரிவின் காப்புரையில், அதாவது விதிவிலக்கு வரியில், இருக்கிறது. "துவைக்கிற கல்லின்மேல் கம்பியை வைத்தேன், வந்தால் காட்டுகிறேன்" என்பது மகஜரோடு, அதாவது பறிமுதல் பதிவோடு, உள்ளே வந்தது. அவன் கம்பியைக் கீழே வைத்ததுதான் கதையின் திருப்பமே. கட்டுக்குள் அது பறிமுதல் செய்த இடமாக மட்டும் நுழைந்தது. ஏன் வைத்தான் என்பதற்கு எந்தத் தாளிலும் இடம் இல்லை.

எதிர்வீட்டில் கேமரா. இந்த ஊரில்தான் தெருவுக்குத் தெரு கேமரா ஆயிற்றே. சுவர் ஏறி உள்ளே குதித்தது 1.52. வெளியே வந்தது 1.59. யாரும் துரத்தவில்லை, விளக்கு எரியவில்லை, நாய் குரைக்கவில்லை, கையில் ஒன்றும் இல்லை. குற்றப்பத்திரிகையில் 1.52 மட்டும் இருந்தது.

சீனியரிடம் கேட்டேன். "சார், அவன் தானே விட்டுட்டுப் போயிருக்கானே?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போயிருக்கான்யா. எந்தப் பிரிவுல போடச் சொல்ற?" கடைசியில், ஒத்துக்கொண்டால் உள்ளே இருந்த நாளோடு முடித்துக்கொள்ளலாம் என்றாயிற்று. ஒத்துக்கொண்டான். அன்றே வீட்டுக்குப் போய்விட்டான். நீதிபதி கருணையோடுதான் நடந்துகொண்டார், அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் தண்டனை பெற்றவன் என்ற பெயர் நின்றுவிட்டது. கேன் ஏஜென்சியில் மறுபடி சேர்த்துக்கொள்ளவில்லை. பைக்கில் சாப்பாடு கொண்டுபோகிற வேலைக்குப் போனால் அங்கேயும் போலீஸ் சரிபார்ப்பு கேட்டார்கள்.

இதற்குப் பிறகு நான் செய்தது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம். மதிய இடைவேளைகளில் சீனியரின் அலமாரியில் இருந்த பழைய தீர்ப்புத் தொகுதிகளைப் புரட்ட ஆரம்பித்தேன்.

நம்முடைய சென்னை உயர் நீதிமன்றமும் இந்திய தண்டனைச் சட்டமும் ஒரே வயது. இரண்டும் 1862-இல் நடைமுறைக்கு வந்தவை. இன்று நாம் பார்க்கிற சிவப்புக் கட்டடம் 1892-இல் முடிந்தது. அதற்கு எட்டு ஆண்டு முன்பு, 1884-இல், இதே நீதிமன்றத்தில் ராமக்கா என்ற பெண்ணின் வழக்கு வந்திருக்கிறது. கிணற்றில் விழப்போகிறேன் என்று சொல்லி ஓடினாள். கிணற்றை எட்டுவதற்குள் பிடித்துவிட்டார்கள். தற்கொலை முயற்சி அப்போது குற்றம் என்பதால் வழக்கு. நீதிமன்றம் விடுவித்தது. கிணற்றடிக்குப் போவதற்குள் அவள் மனம் மாறியிருக்கக்கூடும், ஆகவே இது முயற்சி அல்ல என்பது காரணம். (அந்தக் குற்றம் இன்று அந்த வடிவில் புதிய சட்டத்தில் இல்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அப்படிப்பட்டவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. நூற்றைம்பது வருஷம் போராடி அவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்.)

அடுத்தது நெல் லாரி. 1966, பஞ்சாபிலிருந்து டெல்லிக்கு 75 மூட்டை நெல். உரிமம் இல்லாமல் நெல்லை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று அப்போது தடை. டெல்லிக்கு 32 மைல் இருக்கும்போது சமல்கா சோதனைச் சாவடியில் பிடித்தார்கள். மல்கியத் சிங் வழக்கு என்று பெயர். கீழ் நீதிமன்றத்தில் தண்டனை, உச்ச நீதிமன்றத்தில் விடுதலை. சாவடிக்கும் எல்லைக்கும் நடுவே எங்காவது அவர்கள் மனம் மாறி வண்டியைத் திருப்பியிருக்கலாம், ஆகவே இது ஆயத்தம்தான், முயற்சி அல்ல என்றார்கள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ராமக்கா மனம் மாறவில்லை, மாறுவதற்குள் பிடித்துவிட்டார்கள். லாரிக்காரர்களும் மாறவில்லை. சாவடி இல்லாவிட்டால் நெல் டெல்லிக்குப் போய் இறங்கியிருக்கும். மாறியிருக்கக்கூடும் என்ற ஊகத்துக்கே நீதிமன்றம் விடுதலை கொடுத்தது. எங்கள் கேன் பையன் உண்மையாகவே மாறினான். அவனுக்கு ஒன்றும் இல்லை. நடக்காத மனமாற்றத்துக்குச் சட்டத்தில் மதிப்பு இருக்கிறது, நடந்த மனமாற்றத்துக்கு இல்லை. இதை முதன்முதலில் உணர்ந்த மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சீனியர் சும்மா விடவில்லை. 1980-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றை எடுத்துப் போட்டார். முகமது யாகூப் வழக்கு. பம்பாய்ப் பக்கம் ஒரு கழிமுகக் கரையில் ராத்திரியில் வெள்ளிக் கட்டிகளோடு பிடிபட்டவர்கள். அதில் நீதிபதி சின்னப்ப ரெட்டி, நெல் லாரி வழக்கில் சொன்னது அந்த வழக்குக்கு மட்டும் பொருந்தும், பொது அளவுகோல் ஆகாது என்று எழுதியிருக்கிறார். இல்லாவிட்டால் கடைசி நிமிடத்தில் தடுக்கப்பட்ட ஒவ்வொருவனும், நான் அப்போதுதான் மனம் மாறப் போனேன் என்பானே என்கிறார். எத்தனை வாய்தா பார்த்த மனுஷர் எழுதிய வாக்கியம்! நானும் பார்த்திருக்கிறேன், கையும் களவுமாகப் பிடிபட்டவன் கூண்டில் நின்று அப்படித்தான் சொல்வான். ஆனால் அந்த வாக்கியம் பிடிபட்டு நின்றவனைப் பற்றியது. நான் கேட்பது யாரும் தடுக்காமல் தானே நின்றவனைப் பற்றி.

இப்போது கொலை முயற்சிப் பிரிவுக்கு வருகிறேன். பழைய 307, இன்று 109. அதன் எடுத்துக்காட்டு ஒன்றில், ஒருவன் விஷம் வாங்கிச் சாப்பாட்டில் கலந்து தன்னிடமே வைத்திருக்கிறான். இன்னும் குற்றம் ஆகவில்லை. அந்தச் சாப்பாட்டை மற்றவனின் மேசையில் வைக்கிறான். வைத்த கணத்தில் குற்றம் முடிந்துவிட்டது, பத்து ஆண்டு வரை சிறை. வைத்துவிட்டு, அவன் கை கழுவிக்கொண்டு வருவதற்குள், ஐயோ என்று பதறி இலையைச் சுருட்டிக் குப்பையில் போட்டால்? சீனியரிடம் இதையும் கேட்டேன். "வச்ச கைதான்யா சட்டத்துக்குத் தெரியும். எடுத்த கை தெரியாது."

எடுத்த கை தெரியாது என்றால், எடுப்பதால் அவனுக்கு என்ன லாபம்? தலைக்குமேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று நம் ஊரில் சொல்வோம். இலை வைத்தாயிற்று, கொண்டியில் கம்பி நுழைந்தாயிற்று, இனி திரும்பினாலும் உள்ளேதான் என்றால், பாதியில் நிற்பவன் மீதியையும் முடித்துவிடத்தான் பார்ப்பான். ராத்திரி இரண்டு மணிக்கு எவனும் 511-ஐ நினைத்துக்கொண்டு நிற்கப் போவதில்லை என்று நீங்கள் சொல்லலாம். ஒத்துக்கொள்கிறேன். எங்கள் பையனுக்கும் 511 என்றால் ஏதோ பஸ் நம்பர்தான். ஆனால் சிறையில் பழகி வெளியே வந்தவர்கள் இதையெல்லாம் நன்றாகவே தெரிந்து வைத்திருக்கிறார்கள், சில சமயம் எங்களைவிட.

வெளிநாட்டுக் கதையை நீட்ட விரும்பவில்லை. ஜெர்மனியின் தண்டனைச் சட்டத்தில் 24-ஆம் பிரிவு, தானாகவே கைவிட்டவனுக்கு முயற்சிக் குற்றத்துக்குத் தண்டனை இல்லை என்கிறது. அங்கே லிஸ்ட் என்ற சட்ட அறிஞர் இதைத் திரும்பி வருவதற்கான பொன் பாலம் என்று சொன்னார். பிரான்சில் முயற்சியின் இலக்கணமே வேறு. செய்பவனின் விருப்பத்துக்கு அப்பாற்பட்ட காரணத்தால் நின்றால்தான் அது முயற்சி. அமெரிக்காவில் 1962-இல் சட்ட அறிஞர்கள் எழுதிய மாதிரித் தண்டனைச் சட்டத்தில் இது எதிர்வாதமாகவே இருக்கிறது, பல மாநிலங்கள் எடுத்துக்கொண்டன. இவற்றில் இங்கிலாந்தில் மட்டும் இந்த விலக்கு கிடையாது. முயற்சி ஆகிவிட்டால் ஆகிவிட்டதுதான் அங்கே. நாம் யாரிடமிருந்து தண்டனைச் சட்டத்தை வாங்கினோம் என்பதை நினைத்தால் விஷயம் விளங்கிவிடும். அவர்கள் போய்விட்டார்கள். பெயரைச் சமஸ்கிருதத்தில் மாற்றினோம், 511-ஐ 62 ஆக்கினோம், இதை மட்டும் கேட்காமல் விட்டுவிட்டோம்.

கேட்க வாய்ப்பே வரவில்லை என்றும் சொல்ல முடியாது. முயற்சி என்றால் என்ன என்று சட்டத்தில் ஓர் இலக்கணம் வேண்டும் என்று மத்திய சட்ட ஆணையம் தன் 42-ஆவது அறிக்கையில் 1971-லேயே சொல்லியது. இன்றுவரை இலக்கணம் வரவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். புதிய சட்டத்தின் 303-ஆம் பிரிவில் நல்ல ஏற்பாடு ஒன்று வந்திருக்கிறது. திருடிய பொருள் 5000 ரூபாய்க்குக் கீழ், முதல் தடவை, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டான் என்றால், சிறை கிடையாது, சமூக சேவைதான் தண்டனை. திருடி முடித்து, பிடிபட்டு, வழக்கு நடந்து, அப்புறம் திருப்பித் தருபவனுக்கு இந்த வழி. எடுக்காமலே திரும்பியவனுக்கு இல்லை. எங்கள் பையன் உள்ளே போய் ஒரு குக்கரை எடுத்து வந்து மறுநாள் திருப்பிக் கொடுத்திருந்தால் என்ற கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வீடு உடைத்த குற்றம் அப்போதும் தனியாக நிற்கும், அதனால் கணக்கு சரியாக வராது. ஆனாலும் திருப்பிக் கொடுப்பது என்ற செயலுக்குச் சட்டம் மதிப்புக் கொடுக்கத் தொடங்கிவிட்டது என்பது உண்மை. திரும்பிப் போவதற்கும் கொடுக்கலாமே என்பதுதான் என் வாதம்.

இதை எங்கள் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிற பெண்ணிடம் படித்துக் காட்டினேன். சட்டம் படித்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள், அவள் ஆட்டவில்லை.

"அண்ணா, பொண்டாட்டி மேல மண்ணெண்ணெய ஊத்திட்டு, தீப்பெட்டியக் கீழ போட்டுட்டுப் போறான். அவனும் மனசு மாறினவன்தானே? ஊத்தினப்பவே அவ பாதி செத்துட்டா. அதுக்கு யார் பதில் சொல்றது?"

எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு வாரம் இந்த மடல் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. அவள் சொன்னதால் என் கோரிக்கையைச் சுருக்கியிருக்கிறேன். சுருக்கியதில் எனக்கு வருத்தம் இல்லை. சொத்தைப் பற்றிய குற்றங்களில், ஒருவர் உடம்பையும் தொடாமல், ஒருவரையும் மிரட்டாமல், தானே கைவிட்டவனுக்கு மட்டும் விடுதலை கேட்கிறேன். எதிரே ஒரு மனுஷி நடுங்கி நின்ற வழக்குகளில், கைவிட்டதை நீதிபதி தண்டனையைக் குறைப்பதற்கு ஒரு காரணமாக எழுத்தில் பதிவு செய்யலாம் என்ற அளவோடு நிற்கட்டும். பாலியல் குற்றங்களில் அதுவும் வேண்டாம். கைவிட்டவனுக்குப் பாலம் கட்டும்போது அதன் தூணை அவள் முதுகில் ஊன்றக் கூடாது.

அதேபோல, திரும்புவதற்கு முன்பு அவன் செய்து முடித்த எதையும் மன்னிக்கச் சொல்லவில்லை. காம்பவுண்டு ஏறிக் குதித்தது அத்துமீறல். அதற்கு மூன்று மாதம் வரை உண்டு, வாங்கட்டும். கொண்டித் திருகாணியைக் கழற்றினானே, அந்தச் சேதத்துக்கும் பதில் சொல்லட்டும். ஏழு ஆண்டுப் பிரிவு மட்டும் அவன் தலையிலிருந்து இறங்கட்டும்.

பொய்யாகத் திரும்புகிறவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1859-இல் இங்கிலாந்தில் டெய்லர் என்பவன் வழக்கு. வைக்கோற்போருக்குப் பக்கத்தில் குந்தித் தீக்குச்சியைக் கிழித்தான். யாரோ பார்ப்பதைக் கண்டதும் ஊதி அணைத்துவிட்டான். அது மனம் மாறியது இல்லை, மாட்டிக்கொள்வோம் என்று பயந்தது. ரோந்து விசில் கேட்டு ஓடுவதும், நாய் குரைத்து ஓடுவதும், பூட்டு உடையவில்லை என்று சலித்துப் போவதும், நாளைக்கு வரலாம் என்று தள்ளிப் போடுவதும் கைவிடுதல் ஆகாது. அமெரிக்க மாதிரிச் சட்டத்திலேயே இப்படிப் பிரித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். அரசு தரப்பு முயற்சியைச் சந்தேகமில்லாமல் நிரூபித்த பிறகு, தானாகவே விட்டேன் என்பதைக் காட்டும் பொறுப்பு எதிரியுடையதாகவே, அதாவது குற்றம் சாட்டப்பட்டவனுடையதாகவே, இருக்கட்டும். தற்காப்பு என்று சொல்பவன் இன்றும் அதைத்தானே செய்கிறான்.

இந்த இடத்தில் எங்கள் பையன் கதையை அரசு வக்கீல் புரட்டிப் போடலாம் என்பது எனக்குத் தெரியும். வீடு காலி என்று நினைத்து வந்தாய். கதவருகே குழந்தையின் ஷூவைப் பார்த்தாய். அடடா, ஆள் இருக்கிறது, மாட்டிக்கொள்வோம் என்று பயந்து ஓடினாய். இதுதானே நடந்தது? அப்படியும் இருக்கலாம். நான் அவன் மனசுக்குள் போய்ப் பார்க்கவில்லை. ஆள் இருக்கிறது என்று பயந்தவன் சாக்ஸ் உருட்டி வைத்திருந்ததைப் பார்த்துக்கொண்டே நிற்பானா, கம்பியைச் சத்தமில்லாமல் கல்லின்மேல் வைத்துவிட்டுப் போவானா, அதற்கு ஏழு நிமிடம் எடுத்துக்கொள்வானா என்று எங்கள் சீனியர் திருப்பிக் கேட்பார். நீதிபதி இரண்டையும் கேட்டுவிட்டு ஒரு முடிவுக்கு வருவார். உள்நோக்கம் இருந்ததா இல்லையா என்று தினம் தினம் செய்கிற வேலைதானே இது. இன்றைக்கு அந்தக் குறுக்கு விசாரணையே நடக்காது. ஷூவைப் பற்றி ஒருவரும் கேட்க மாட்டார்கள், கேட்டாலும் சட்டப்படி அதனால் ஒன்றும் ஆகாது. அந்தக் கேள்வியைக் கேட்க ஓர் இடம் வேண்டும் என்றுதான் கேட்கிறேன். பதில் அவனுக்கு எதிராகப் போனாலும் போகட்டும்.

வாசகம் எழுதும் தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் வெறுங்கையோடு வரக்கூடாது என்று ஒன்றைத் தட்டச்சு செய்திருக்கிறேன்:

"62-ஆம் பிரிவின்கீழ், சொத்துக்கு எதிரான குற்றம் ஒன்றைச் செய்ய முயன்றவர், அக்குற்றம் நிறைவேறும் முன், எவருக்கும் காயமோ அச்சுறுத்தலோ விளைவிக்காமல், பிடிபடும் அச்சத்தாலோ தடை ஏற்பட்டதாலோ அல்லாமல், தாமாகவே அம்முயற்சியை முற்றிலும் கைவிட்டார் அல்லது அக்குற்றம் நிறைவேறாதபடி தாமே தடுத்தார் என மெய்ப்பித்தால், அம்முயற்சிக்காக அவர் தண்டிக்கப்பட மாட்டார், ஆனால் கைவிடும் முன் அவர் செய்து முடித்த வேறு எக்குற்றத்துக்கும் இது பொருந்தாது."

சீனியர் இரண்டு இடத்தில் கைவைத்தார். "முற்றிலும்" என்பது அவர் சேர்த்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று போகிறவனுக்காக.

இது டெல்லி செய்ய வேண்டியது, எங்களிடம் ஏன் வருகிறாய் என்று கேட்பீர்கள். குற்றவியல் சட்டம், மத்திய அரசும் மாநிலமும் இரண்டுமே சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் இருக்கிறது. சட்டப் பேரவையில் திருத்தம் நிறைவேற்றி, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தால், அரசமைப்புச் சட்டத்தின் 254-ஆம் உறுப்பின்படி அது இந்த மாநிலத்தில் செல்லும். நீங்கள் செய்யாத காரியமும் இல்லை. புதிய குற்றவியல் சட்டங்களில் மாநிலத் திருத்தம் என்னென்ன வேண்டும் என்று பார்க்க 2024 ஜூலையில் ஓய்வு பெற்ற நீதிபதி சத்தியநாராயணன் அவர்கள் தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டி 2025 ஜனவரியில் பேரவையில் மசோதா நிறைவேற்றினீர்கள். அது தேவைதான். தண்டனையைக் கூட்டும் திருத்தத்துக்கு மேசை தட்டும் ஓசை கேட்கும். குறைக்கும் திருத்தத்துக்குக் கேட்காது, அதுவும் தெரியும். திருடனுக்குப் பரிந்து பேசுகிறார்கள் என்று மறுநாள் யாராவது சொல்வார்கள். திருடாதவனுக்குப் பரிந்து பேசுகிறோம் என்று நீங்கள் பதில் சொல்லலாம்.

சட்டம் மாறுவதற்குக் காத்திராமல் உங்கள் கையாலேயே செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. முயற்சி வழக்குகளில் கேமராப் பதிவை எடுக்கும்போது, வந்த நேரத்தோடு போன நேரத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும், எதிரி எப்படி அங்கிருந்து போனான் என்பதைக் குற்றப்பத்திரிகையில் ஒரு வரி எழுத வேண்டும் என்று அரசு வழக்கறிஞர்களுக்கும் காவல்துறைக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்ப உள்துறையிடம் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இருந்தால், நன்னடத்தைச் சட்டம் 1958-இன் கீழ் நன்னடத்தை உறுதிமொழி வாங்கிக்கொண்டு விட நீதிபதிக்கு இப்போதே வழி இருக்கிறது. எங்கள் வழக்கில் நாங்களே அதைக் கேட்டிருக்க வேண்டும். 41 நாளோடு முடிகிறதே என்ற அவசரத்தில் கேட்கவில்லை. அந்தத் தவறில் என் பங்கும் உண்டு. ஒத்துக்கொள்ளும் மனுவை நான்தான் தட்டச்சு செய்தேன்.

இந்த மடலின் நகல் ஒன்றை வரும் திங்கட்கிழமை நேரில் கொண்டுவருகிறேன். தம்புச் செட்டித் தெருவிலிருந்து கோட்டைக்கு நடந்தே வந்துவிடலாம். தபால் பிரிவில் முத்திரை குத்தி ரசீது கொடுத்தால் போதும். ஆங்கிலப் படி தேவைப்பட்டால் சொல்லி அனுப்புங்கள், அன்று மாலைக்குள் தட்டச்சு செய்து தருகிறேன்.

இப்படிக்கு,
வழக்கறிஞர் குமாஸ்தா ஒருவர்,
தம்புச் செட்டித் தெரு, சென்னை 600 001.